ரயில் போனது, கூரை நின்றது: மான்செஸ்டரிலிருந்து பெர்லின் வரை ஐந்து நாள்

பழைய ரயில் நிலையங்களைப் பார்க்கப் போகும் இந்தப் பாதையைச் செவ்வாய்க்கிழமை தொடங்குவதுதான் வசதி. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் பெர்லினின் ஹாம்புர்கர் பான்ஹோஃப் கலைக்கூடத்துக்கும் திங்கள் விடுமுறை. ஓர்சே வியாழனன்று மட்டும் இரவு 9.45 வரை திறந்திருக்கும். செவ்வாய் மான்செஸ்டரில் இருந்தால் வியாழன் தானாகப் பாரிஸில் விழும், பெர்லின் சனிக்கிழமைக்கு வரும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குப் பிரிட்டன் விசா தனி, பிரான்சுக்கும் ஜெர்மனிக்குமான ஷெங்கன் விசா தனி. ஒன்று மற்றொன்றுக்கு உதவாது.

இந்த நகரங்களில் பார்க்கப்போவதெல்லாம் ரயிலை இழந்து வேறு வேலைக்குப் போன நிலையங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினால் கட்டடம் நன்றாகப் பிடிபடும். ரயில் ஏன் போனது? ரயில் போன பின்பும், புது வேலை வரும்வரை, யார் இதை இடிக்காமல் விட்டார்கள்? முதல் கேள்விக்கு வழிகாட்டிப் பலகைகளில் பதில் இருக்கும். இரண்டாவதைத்தான் தேட வேண்டும்.

முதல் நாள், செவ்வாய்: மான்செஸ்டர்

லிவர்பூல் ரோடு நிலையத்தைத் தேடி வருகிறவர்கள் அதைக் கடந்து நடந்துவிடுவது சகஜம். தெருவிலிருந்து பார்த்தால் வசதியான வணிகர் ஒருவரின் மாடிவீடு போலத்தான் தெரியும். 1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்பாதை தொடங்கியபோது, ரயில் நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியே இல்லை. கட்டியவர்கள் தங்களுக்குத் தெரிந்த வீட்டைக் கட்டினார்கள்.

முகப்பில் முதல் வகுப்புக்கு ஒரு வாசல், இரண்டாம் வகுப்புக்கு இன்னொன்று. முதல் வகுப்பு வாசலுக்கு மேலே சூரியக் கடிகாரம் இருக்கும். ஊருக்கு ஊர் நேரம் மாறிய காலம் அது. தண்டவாளம் எங்கே என்று தேடினால் தரைமட்டத்தில் கிடைக்காது. ரயில் இர்வெல் ஆற்றைப் பாலத்தின் மேல் கடந்து வந்ததால் பாதை மாடி உயரத்தில் இருக்கிறது. பயணிகள் தெருவிலிருந்து நுழைந்து, படியேறி ரயிலுக்குப் போனார்கள். பாதைக்கு மறுபக்கம் உள்ள 1830 சரக்குக் கிடங்கிலும் இதே உத்திதான்: ரயில் வண்டிகள் மேல்தளத்துக்கு வரும், குதிரை வண்டிகள் கீழ்த்தளத்தில் நிற்கும், சரக்கு நடுவில் ஏறி இறங்கும்.

பயணிகள் ரயில் இங்கே 14 ஆண்டுகள்கூட ஓடவில்லை. இது முட்டுச்சந்து நிலையம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் பாதைகளோடு சேர வழியில்லை. 1844 மே மாதம் பயணிகள் சேவை ஹண்ட்ஸ் பேங்குக்கு, அதாவது இன்றைய விக்டோரியா நிலையம் இருக்கும் இடத்துக்கு மாறியது. லிவர்பூல் ரோடு சரக்கு முனையமானது. 1975 வரை சரக்குதான். கட்டடம் பிழைத்ததற்கு அதுவே காரணம். பயணிகள் நிலையமாக இருந்திருந்தால் விக்டோரியா அரசி காலத்தில் இரண்டு தடவையாவது இடித்துப் பெரிதாக்கியிருப்பார்கள். சரக்குக்கு அழகு தேவையில்லை, அதனால் யாரும் மாற்றவில்லை. பிறகு பெயரளவுக்கு 1 பவுண்டுக்கு நகர்ப்புற நிர்வாகத்திடம் கைமாறி, 1983-இல் அறிவியல்–தொழில் அருங்காட்சியகம் இங்கே திறக்கப்பட்டது. நுழைவு இலவசம். 1830 கட்டடங்களில் பழுதுபார்ப்பு நீண்டகாலமாக நடப்பதால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிப்பட்ட செங்கல்–மரக் கட்டடங்களில் பழுது எங்கே தொடங்கும் என்று தெரிந்தால் பார்வை கூர்மையாகும். உத்தரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புகுந்திருக்கும் நுனிதான் முதலில் உளுத்துப்போகும். கூரையின் மழைநீர் வடிகாலில் அடைப்பு விழுந்தால் தண்ணீர் செங்கல்லுக்குள் இறங்கி, காற்றுப் படாத அந்த நுனியிலேயே தங்கிவிடும். மழைநீர்க் குழாய்க்குக் கீழே சுவரில் பச்சையோ வெள்ளை உப்போ பூத்திருந்தால், உள்ளே உத்தரத்தின் நுனியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

ஒரு வருத்தம்: 2017-இல் திறக்கப்பட்ட ஆர்ட்சல் கார்டு என்ற புதிய இணைப்புப் பாதை, பழைய நிலையத்துக்கும் நாட்டின் ரயில்வலைக்கும் இருந்த தொடர்பைத் துண்டித்துவிட்டது. 1844-இல் இல்லாமல் போன இணைப்பு விவகாரத்தின் இன்னொரு சுற்று இது. இந்த முறையும் நிலையத்துக்குத்தான் நஷ்டம்.

அங்கிருந்து காசில்ஃபீல்டு வழியாக நடந்தால் சிறிது நேரத்தில் மான்செஸ்டர் சென்ட்ரல். வழியில் 1892-இல் கட்டிய இரும்பு மேம்பாலம் ஒன்று 330 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது. 1969-க்குப் பிறகு ரயில் இல்லாத அதன் ஒரு பகுதியை 2022-இல் தோட்டமாக்கினார்கள். திறப்பு நேரம் பருவத்துக்கேற்ப மாறும்.

மான்செஸ்டர் சென்ட்ரல் 1880-இல் திறந்த முனையம். ஒரே வளைவுக் கூரை: அகலம் 64 மீட்டர், உயரம் 27 மீட்டர், நீளம் 168 மீட்டர், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. 1969 மே மாதம் மூடினார்கள். நடைமேடையில் குறை ஒன்றுமில்லை; ஊருக்குள் நிலையங்கள் அதிகம் என்று கணக்குப் போட்டு, ரயில்களை மற்ற நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பத்தாண்டுக்கும் மேலாக இந்தப் பிரம்மாண்டக் கூரையின் கீழ் கார் நிறுத்தினார்கள். கண்ணாடி உடைந்தது, இரும்பு துருப்பிடித்தது. ஆனாலும் கார் நிறுத்தத்தில் வருமானம் வந்துகொண்டிருந்தது, இடிப்பதற்கு அவசரம் இல்லை. 1986-இல் ஜி-மெக்ஸ் என்ற பெயரில் கண்காட்சிக் கூடமாகத் திறந்தது. 2007-இல் பழைய பெயர் திரும்பியது. 2002 காமன்வெல்த் போட்டிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ், பளு தூக்குதல், ஜூடோ, மல்யுத்தம் எல்லாம் இங்கேதான். 2020 ஏப்ரலில் சில நாட்களுக்குள் கொரோனா மருத்துவமனையானது. தூணில்லாத தரை கையிலிருந்தால் எந்த வேலைக்கும் மாற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

நிகழ்ச்சி இல்லாத நாளில் உள்ளே விடமாட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்கு நகரப் பக்கத்து முகப்பின் முன்னால் நிற்கவும். பெரிய முனையங்களின் முன்பக்கம் வழக்கமாக ஒரு ஹோட்டல் மறைத்து நிற்கும். இங்கே வளைவு முழுதாகத் தெரிகிறது. முன்னால் ஹோட்டல் கட்டும் திட்டம் இருந்ததால் டிக்கெட் அறைகளைத் தற்காலிகமாக மரத்தில் போட்டார்கள். ஹோட்டலோ 1903-இல் தெருவுக்கு எதிரே எழுந்தது, அதுதான் மிட்லண்ட். தற்காலிக மர அறைகள் நிலையம் மூடும்வரை நின்றன. கண்ணாடி முகப்பு இன்று இவ்வளவு திறப்பாக இருப்பது அந்தச் சோம்பலின் புண்ணியம்.

இரண்டாம் நாள், புதன்: லண்டன் வழியாக

மான்செஸ்டர் பிக்காடில்லியிலிருந்து லண்டன் யூஸ்டனுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். யூஸ்டனில் இறங்கியதும் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, அதைத்தான் பார்க்க வேண்டும். 1837-இல் பிலிப் ஹார்ட்விக் வடிவமைத்த மாபெரும் கல்தோரணம் இங்கே இருந்தது. 1961–62-இல் இடித்தார்கள், நிலையத்தைப் பெரிதாக்குவதற்காக. மான்செஸ்டரில் கார் நிறுத்தமாகக் கிடந்த கூரை பிழைத்தது, ரயில் ஓடிக்கொண்டிருந்த யூஸ்டனின் தோரணம் போனது. பழைய நிலையத்துக்குக் கைவிடப்படுவதைவிட ஆபத்தானது வெற்றிகரமாக நடப்பது.

யூஸ்டனிலிருந்து செயின்ட் பான்கிராஸ் நடந்தே போகும் தூரம். பெட்டியை உருட்டிக்கொண்டு 15 நிமிடம் போதும். 1868-இன் கூரை 73 மீட்டர் அகலம். இங்கே இன்னும் ரயில் வருகிறது, ஆகவே நம் கணக்கில் சேராது. ஆனால் பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலின் பயணிகள் வரிசையில் நிற்கும் கீழ்த்தளத்தைக் கவனிக்கவும். அது பீர் பீப்பாய்களை அடுக்கிய கிடங்கு. இரும்புத் தூண்களின் இடைவெளியே பீப்பாயின் அளவை வைத்துப் போட்டதுதான். மேலே உள்ள கூரை வளைவின் இரு கால்களும் அகன்று விலகாமல் கட்டிப்பிடித்திருப்பது நடைமேடைத் தளத்தின் இரும்பு விட்டங்கள். எனவே 2007-இல் திறந்த யூரோஸ்டார் முனையத்துக்காக அந்தத் தளத்தில் பெரிய திறப்புகளை வெட்டியபோது, அது வெறும் தரையை வெட்டும் வேலையாக இருக்கவில்லை. கூரையின் கட்டுக்கயிற்றைத் தொடும் வேலை. வளைவுக் கூரையுள்ள எந்த நிலையத்தையும் மாற்ற நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, வளைவை இழுத்துப் பிடித்திருப்பது எது என்பதை.

பிரிட்டிஷ், பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை இரண்டும் இங்கேயே முடிந்துவிடும். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

மூன்றாம் நாள், வியாழன்: ஓர்சே

ஓர்சேக்கு டாக்ஸியிலோ மெட்ரோவிலோ போக வேண்டாம். முதலில் ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஆர்இஆர் சி என்ற புறநகர் ரயில் தடத்தில் ஏறுங்கள். செயின் மிஷேல், அடுத்தது மியூசே டோர்சே. சீன் நதிக்கரையை ஒட்டி நிலத்தடியில் போகும் இந்த வழிதான் 1900-இல் நீண்டதூர ரயில்கள் வந்த அதே வழி. கோடை மாதங்களில் பராமரிப்புக்காக இந்தத் தடத்தை அடிக்கடி மூடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் போகிறவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சீன் பெருகினாலும் முதலில் நிற்பது இதுதான். 1910 வெள்ளத்தில் ஓர்சே தண்டவாளங்கள் நீரில் மூழ்கின. 2016 ஜூனில் அருங்காட்சியகத்தையே மூடி, கீழ்த்தளப் பொருள்களை மேலே ஏற்றினார்கள். ரயில் நிலையத்தின் பள்ளம் அருங்காட்சியகத்துக்கும் வாரிசாக வந்துவிட்டது.

உள்ளே போவதற்கு முன், பாலத்தைக் கடந்து டுயிலரி தோட்டப் பக்கம் போய்த் திரும்பிப் பார்க்கவும். எதிரே லூவர் இருப்பதால் ஆற்றங்கரையில் இரும்புக் கொட்டகை நிற்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். ஆகவே கட்டடக் கலைஞர் விக்டர் லாலூ இரும்பு முழுவதையும் கல்லால் மூடினார். உள்ளே உள்ள உலோகம் 12,000 டன், ஐஃபெல் கோபுரத்தைவிட அதிகம். மேலே அமர்ந்திருக்கும் மூன்று சிலைகள் போர்தோ, துலூஸ், நாந்த் நகரங்கள், அதாவது ரயில் போன ஊர்கள். 1900-இலேயே ஓவியர் எடுவார் தெதாய், நிலையம் கலைக்கூடம் போலவும் கலைக்கூடம் நிலையம் போலவும் இருப்பதால் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாமே என்று கிண்டலடித்தார். 86 ஆண்டு கழித்து அதுவே நடந்தது.

ரயில் ஏன் போனது? இங்கே பதில் மீட்டரில் இருக்கிறது. ஓர்சே முதல் நாளிலிருந்தே மின்சார ரயிலுக்காகக் கட்டிய நிலையம். புகையில்லாததால்தான் ஊர் நடுவில், ஹோட்டலோடு சேர்த்து, மூடிய கூடமாகக் கட்ட முடிந்தது. அதே மின்சாரம் பாதை முழுவதும் பரவியதும் ரயில்கள் நீண்டன. நடைமேடையை நீட்ட இடமில்லை: ஒரு பக்கம் ஆறு, மற்ற பக்கங்களில் தெருவும் வீடும். 1939-இல் நீண்டதூர ரயில்கள் ஆஸ்டர்லிட்ஸுக்கே திரும்பின; ஓர்சேக்குப் புறநகர் ரயில் மட்டும் மிஞ்சியது. பெருமையாகச் சொன்ன புதுமையே காலைவாரிவிட்டது.

அதற்குப் பிறகான 47 ஆண்டுகள்தான் சுவையானவை. போர்க் கைதிகளுக்கான பொட்டலங்கள் இங்கிருந்து போயின. 1945-இல் விடுதலையானவர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். 1958 மே 19 அன்று ஹோட்டல் மண்டபத்தில் பிரெஞ்சுத் தலைவர் தகோல் செய்தியாளர்களைச் சந்தித்தார். பிறகு நாடகக் குழு ஒன்று கூடாரம் போட்டது, ஏலக் கடை ஒன்று தன் கட்டடம் புதுப்பிக்கப்படும்வரை குடியிருந்தது. இப்படி ஆள் மாற்றி ஆள் வாடகைக்கு இருந்ததில் கட்டடம் காலியாகவே கிடக்கவில்லை. இடித்துவிட்டுப் புது ஹோட்டல் கட்டும் திட்டம் மேசைவரை வந்தது. ஆனால் அதே சமயத்தில், 1971-இல், பாரிஸின் பழைய லே ஆல் சந்தைக் கூடங்களை இடித்ததில் ஊரே கொதித்தது. அந்தச் சூட்டில் ஓர்சே தப்பியது. 1973-இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது, 1977-இல் அருங்காட்சியகமாக்க முடிவானது, 1986 டிசம்பரில் திறந்தது.

உள்ளே. கூடம் 138 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 32 மீட்டர் உயரம். கவனிக்க வேண்டிய முக்கிய மாற்றம் வாசல். ரயில் காலத்தில் பயணிகள் ஆற்றுப் பக்கத்து ஏழு வளைவுகள் வழியாகக் குறுக்கே நுழைந்தார்கள். நீளவாக்கில் வந்தது ரயில். புதுப்பித்த ஏசிடி குழுவின் கட்டடக் கலைஞர்கள் மேற்கு முனையில் வாசலை வைத்து, மனிதர்களை ரயில் ஓடிய நீளவாக்கில் நடக்கவிட்டார்கள். உள்ளே வந்ததும் கூடம் முழுதாகக் கண்ணில் விழுவதற்கு இதுதான் காரணம்.

இருபுறமும் கல் மாடங்களைக் கட்டியது இத்தாலியக் கட்டடக் கலைஞர் காயே அவுலென்தி. எகிப்தியக் கல்லறை மாதிரி இருக்கிறது என்று அன்று திட்டியவர்கள் உண்டு. கனமாகத்தான் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் வேலை நடக்கிறது. 32 மீட்டர் உயரக் கூரையின் கீழ் ஆளுயரச் சிலையைத் தனியாக வைத்தால் தொலைந்துபோகும். பக்கத்தில் ஒரு சுவர் வேண்டும். அதைவிட முக்கியம் வெளிச்சம். கட்டடத்தின் கண்ணாடிப் பரப்பு 35,000 சதுர மீட்டர். பளிங்கும் வெண்கலமும் பகல் வெளிச்சத்தைத் தாங்கும், அவை நடுக்கூடத்தில் நிற்கின்றன. எண்ணெய் ஓவியத்துக்குக் கட்டுப்படுத்திய வெளிச்சம் வேண்டும். பேஸ்டல் (வண்ணக்கட்டி), காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் போகக் கூடாது, நிறம் வெளுக்கும். அவை மங்கலான அறைகளுக்குள், அதுவும் மாற்றி மாற்றி வைக்கப்படும். ஆகவே டெகாவின் ஒரு குறிப்பிட்ட பேஸ்டலுக்காகவே வருகிறீர்கள் என்றால், அது இப்போது சுவரில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடவும்.

சுற்றும் முறை: மதியத்துக்குப் பின் நுழையுங்கள். நேராக ஐந்தாம் தளம். இம்ப்ரஷனிஸ்ட் ஓவியங்கள் ஆற்றுப் பக்கக் கூரைக்கு அடியில், மேலிருந்து வரும் வெளிச்சத்தில் இருக்கின்றன. 2011-இல் வெள்ளைச் சுவரை அடர்நிறமாக மாற்றினார்கள், நல்ல காரியம். வெள்ளைச் சுவர் பக்கத்தில் மோனேயின் வெளிச்சம் அழுக்காகத் தெரியும். ஆற்றைப் பார்க்கும் இரண்டு கடிகாரங்களும் வடக்கு நோக்கியவை, நேரடி வெயில் படாது. முன்னால் நிற்பவர் நிழலுருவாக விழுவார். முகம் தெரிய வேண்டுமென்றால் கடிகாரத்துக்குப் பக்கவாட்டில் நிற்கவைத்து எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தளமாக இறங்கி, கடைசியாக நடுக்கூடம். கண்ணாடியும் கல்லும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புவதால், கூட்ட நேரத்தில் அங்கே ஒருவருக்கொருவர் விளக்கிப் பேச முடியாது. இரவு எட்டு மணிக்கு மேல் முடியும்.

நான்காம் நாள், வெள்ளி: ரயிலில்

பாரிஸ் கார் தெ லெஸ்ட் நிலையத்திலிருந்து பெர்லினுக்கு நேரடிப் பகல் ரயில் 2024 டிசம்பரில் தொடங்கியது. ஸ்ட்ராஸ்பர்க் வழி, சுமார் 8 மணி நேரம். இருக்கையைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளவும். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஐந்தாம் நாள், சனி: பெர்லின்

சனி, ஞாயிறுகளில் ஹாம்புர்கர் பான்ஹோஃப் காலை 11 மணிக்குத்தான் திறக்கும். பெர்லினின் மத்திய ரயில் நிலையமான ஹவுப்ட்பான்ஹோஃபின் வடக்கு வாசலில் வெளியேறி இன்வாலிடென் தெருவில் கிழக்கே சில நிமிடம் நடந்தால் போதும்.

1847-இல் முடிந்த கட்டடம், பெர்லினின் தொடக்ககால முனையங்களில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. முகப்பின் நடுவில் உள்ள இரண்டு பெரிய வளைவுகள் மனிதர்களுக்கானவை அல்ல. இன்ஜின் அவற்றின் வழியாக வெளியே வந்து, முன்முற்றத்தில் இருந்த சுழல்மேடையில் திரும்பி, மறுபடி உள்ளே போகும். முற்றத்தின் அளவைக் கண்ணால் அளந்தாலே, இன்ஜின் வளர வளர இந்த ஏற்பாடு தாங்காது என்று புரியும். 1884-இல் ஹாம்புர்க் ரயில்கள் பக்கத்திலிருந்த லேர்ட்டர் நிலையத்துக்கு மாறின. இது 1906-இல் போக்குவரத்து அருங்காட்சியகமானது. உள்ளே உள்ள இரும்புக் கூடம் அந்த மாற்றத்தோடு வந்தது, பழைய ரயில் கொட்டகை அல்ல. பலர் இதைத் தவறாக எழுதுகிறார்கள்.

இங்கே கட்டடத்தைக் காத்தது சட்டச் சிக்கல். 1945-க்குப் பின் பெர்லின் முழுவதும் ரயில்வே சொத்து கிழக்கு ஜெர்மன் ரயில்வேயின் கையில் இருந்தது. கட்டடமோ மேற்கில், பிரிட்டிஷ் பகுதியில், எல்லைக் கால்வாயின் ஓரத்தில் இருந்தது. கிழக்குக்காரர்களால் அருங்காட்சியகமாக நடத்த முடியவில்லை, மேற்குக்காரர்களால் தொட முடியவில்லை. 1984-இல் மேற்கு பெர்லினிடம் வரும்வரை பொதுமக்களுக்கு மூடியே கிடந்தது. கட்டடக் கலைஞர் யோசஃப் பவுல் க்ளைஹூஸ் புதுப்பித்த பின், 1996 நவம்பரில் சமகாலக் கலைக்கூடமாகத் திறந்தது. முகப்பில் டான் ஃப்ளேவின் அமைத்த நீல, பச்சைக் குழல்விளக்குகளுக்காக இருட்டிய பின் ஒரு தடவை வர வேண்டும்.

பின்னால் நீளமாகக் கிடக்கும் ரீக் கூடங்கள் பழைய சரக்குக் கிடங்குகள். நிலம் தனியார் கையில் இருந்ததால் இடிப்பு வரை பேச்சுப் போய், 2022-இல் அரசு வாங்கியதால் தங்கின.

லேர்ட்டர் நிலையத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. போரில் சேதமாகி, 1950-களின் இறுதியில் இடிக்கப்பட்டது. அதன் பக்கத்திலிருந்த எஸ்-பான் (நகர ரயில்) நிலையத்தை 1987-இல் செலவழித்துப் புதுப்பித்தார்கள். 2002-இல் இடித்தார்கள், ஹவுப்ட்பான்ஹோஃபுக்கு இடம் வேண்டுமென்று. மறுபடியும் ஓடும் ரயில்தான் இடித்தது.

2006-இல் திறந்த அந்தப் புது நிலையத்தில் ஒரு கணக்குப் பிசகு உண்டு. மேல்தள நடைமேடைகள் 430 மீட்டர் நீளம்; கால்பந்து உலகக் கோப்பைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கண்ணாடிக் கூரையைச் சுருக்கி 321 மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். நீண்ட ரயில்களில் முனைப் பெட்டிகளுக்குக் கூரை இல்லை. மழை நாளில் மேல்தளத்திலிருந்து கிளம்புவதானால், ரயில் வரும்வரை நடைமேடையின் நடுப்பகுதியில் நின்று, வந்ததும் பெட்டிக்குள் ஏறி உள்வழியாகவே உங்கள் இருக்கைக்கு நடந்துவிடுங்கள்.